சனிக்கிழமை ரெண்டு வாளி

இல்ல தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்குதுன்னா சொல்லுங்க, ஜன்னல் பக்கமா சாச்சு வச்சுக்கிடுதேன். மேல வச்சா, கயத்தாறு தாண்டி ஒரு பள்ளத்துல டிரைவர் பஸ்ஸை ஒரு தூக்கு தூக்குவான் பாருங்க, அதோட சோலி முடிஞ்சுது. இது உடைஞ்சா வேற கிடையாது. சத்தியமா வேற கிடையாது.

கண்ணாடியா? இல்ல. படமும் இல்ல. ரெண்டு பிளைவுட் பலகைக்கு நடுவுல துணியச் சுத்தி ஒரு ரெக்கார்டு வச்சிருக்கேன். பாட்டு ரெக்கார்டு. அந்தக் காலத்துல கருப்பா, தோசைக்கல் மாதிரி வட்டமா இருக்கும்லா, அது. இதுல என் வீட்டுக்காரி பாடுதா. பாடினா. இப்ப அவ இல்ல.

மதுரைல என் மக எப்சி இருக்கா. அவகிட்டக் குடுக்கத்தான் போறேன். வாங்குவாளோ மாட்டாளோ தெரியல. ரெண்டு மாசமா என் போனை எடுக்கல. என் நம்பரைப் பாத்தாலே கட் பண்ணிருதா. நான் வாறது அவளுக்குத் தெரியாது. கதவைத் தொறப்பாளான்னும் தெரியாது. காலைல இட்லி கூட எறங்கல.

நடந்தது இன்னதுன்னு சொல்லுதேன், நான் பண்ணுனது தப்பான்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. சொந்தக்காரங்ககிட்டக் கேட்டா ஆளுக்கு ஒரு கட்சி. நீங்க யாரோ, நான் யாரோ. மதுரை வர இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு.

என் பேரு அற்புதராஜ். வீடு பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர்டு ஆனவன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். என் செக்ஷன்ல ஒரு ஆளுக்குக் கரண்ட் அடிச்சது கிடையாது. ஒரு ஆளுக்கு! என் வீட்டுலயும் அப்படித்தான். இதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க, பின்னால வேணும்.

வீட்டுக்காரி பேரு ரோஸ்லெட். கோயில் கொயர்ல பாடுன பிள்ளை. எழுபத்தாறுல அவங்க சபைக்கு நூறு வருஷம் ஆச்சுன்னு கொயர் மொத்தத்தையும் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு ரெக்கார்டு போட்டாங்க. அதுல ரெண்டாவது பக்கம், மூணாவது பாட்டு, இவ மட்டும் தனியாப் பாடுனது. அப்ப அவளுக்கு இருபது வயசு. எழுபத்தொம்பதுல எங்களுக்குக் கல்யாணம். அதுக்கப்புறம் கொயருக்குப் போகல. நான் போகாதன்னு சொன்னதில்ல தம்பி, அதை யாரும் என் மேல போட முடியாது. கொயர் ப்ராக்டீஸ் சாயங்காலம் ஆறு மணி. நான் டூட்டி முடிஞ்சு வந்து காப்பி குடிக்கதும் ஆறு மணி. அவளாப் பாத்து நிறுத்திக்கிட்டா. அவ்வளவுதான் விஷயம்.

அதனால நான் அவ பாடிக் கேட்டதில்ல. அடுப்படில முணுமுணுன்னு என்னமோ ஓடும். நான் உள்ள நுழைஞ்சா நின்னுரும். 

ஒரே ஒரு தடவை எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டா. எண்பத்தெட்டுல நான் ஸ்டீரியோ செட்டு வாங்குனேன். பெரிய ஆம்ப்ளிபயரு, ஆள் இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸு, கேசட்டு போட தனி மெஷினு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. அப்ப இவ, "இதுகூட ரெக்கார்டு போடுத மெஷினும் ஒண்ணு வாங்குவமா"ன்னா. எதுக்குட்டின்னேன். "சும்மாதான்"னா. சும்மாதான்னு சொன்னா நாம சும்மாதான்னுதான எடுத்துக்கிட முடியும்? கேசட்டு இருக்குல்லான்னுட்டேன். பெறகு அவ கேக்கல.

போன வருஷம் மே மாசம் போயிட்டா. கிட்னி. ரெண்டு வருஷம் பட்டா. அடக்கம் முடிஞ்சு எட்டாம் நாள் எப்சி பீரோவை ஒதுங்க வைக்கும்போது, கல்யாணச் சேலைக்கு அடில இந்த ரெக்கார்டு இருக்கு. உறை கூட கசங்கல. நாப்பத்தஞ்சு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கோம், இப்படி ஒரு சாமான் வீட்டுல இருந்தது எனக்குத் தெரியாது. எப்சி, கூடப் பாடுன ஆளுக வீட்டுக்கெல்லாம் போன் போட்டு விசாரிச்சா. ஒருத்தர் வீட்டுலயும் இல்ல. ஒரு வீட்டுல வெயில்ல வளைஞ்சு போச்சாம், ஒரு வீட்டுல பழைய சாமான் எடுக்க வாற ஆக்கர்காரன்ட்ட போட்டுட்டாங்களாம். அந்தக் கோயில்லயே இல்ல. மிச்சம் இது ஒண்ணுதான்.

எப்சி சொன்னா, "அப்பா, நான் மதுரைக்குக் கொண்டு போறேன். அவங்ககிட்ட மெஷின் இருக்கு. ஒரு தடவை ஓட்டி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, உங்க போனுக்கு அனுப்பிருதேன்"னா. அவங்கன்னா என் மருமகன் தவசீலன். ஒரு காலேஜ்ல தமிழ் நடத்துதாரு. பழைய ரெக்கார்டு சேக்கது அவருக்கு ஒரு கிறுக்கு. நான் முடியாதுன்னுட்டேன். என் பொண்டாட்டி குரல் மொத மொதல்ல என் வீட்டுலதான் கேக்கணும். வருஷ நினைவு ஜெபக்கூட்டம் வருதுல்லா, அன்னைக்கு பாஸ்டர் ஐயா, சொந்தபந்தம் எல்லார் முன்னாலயும், என் செட்டுல கேக்கணும். இது ஒரு தப்பா சொல்லுங்க? ஒரு மனுசனுக்கு இந்த ஆசை இருக்கப்பிடாதா?

கோவில்பட்டி வந்துட்டு. நீங்க எறங்கி டீ கீ குடிக்கணும்னா குடிச்சிட்டு வாங்க. நான் எறங்க மாட்டேன். வேண்டாமா? சரி.

மருமகன் என்ன பண்ணுனாருன்னா, எங்கயோ தேடி ஒரு பழைய ஜப்பான் மெஷினு, ரெக்கார்டு சுத்துத மெஷினு, வாங்கிட்டு வந்தாரு. மதுரைல இருந்து பாளையங்கோட்டை வரைக்கும் பஸ்ல மடியில வச்சே கொண்டுவந்தாருன்னு எப்சி சொன்னா. அதைக் கேட்டு நான் சிரிச்சேன். வச்சுட்டு, "மாமா, நானே மாட்டிக் குடுத்துட்டுப் போயிருதேன்"னாரு. நல்லா இருக்கே கதை! முப்பத்திரண்டு வருஷம் கரண்ட்டுலயே கெடந்தவன் வீட்டுல தமிழ் வாத்தியார் வந்து வயர் மாட்டணுமா? நீங்க காப்பி குடிங்க மாப்பிள்ளைன்னேன். அவரு ஒரு தாள்ல படம் போட்டு என்னமோ எழுதி மேசை மேல வச்சுட்டுப் போயிட்டாரு. நான் வாசிக்கல. தாளு கனமா நல்லாருந்துச்சு, காப்பி தம்ளருக்கு அடில வச்சுக்கிட்டேன்.

மறுநாள் உக்காந்தேன். அந்த மெஷினுக்குப் பின்னால ரெண்டு வயரு இருக்கும், ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை. அது இடது பாக்ஸுக்கும் வலது பாக்ஸுக்கும். கூடவே நூல் மாதிரி மெல்லிசா மூணாவது ஒரு வயரு தொங்கும். ரெண்டு வயரையும் கேசட்டு மாட்டுத துவாரத்துல குடுத்தேன். சத்தம் கொசு பாடுத மாதிரி வருது. பெறகு ஆம்ப்ளிபயர்ல ரெக்கார்டுக்குன்னே தனியா ஒரு துவாரம் இருக்கதைக் கண்டுபிடிச்சு அதுல மாட்டுனேன். மருமகன் சும்மா ஓட்டிப் பாக்க ஒரு பழைய ரெக்கார்டு குடுத்திருந்தாரு, அதைப் போட்டேன். பாட்டு வந்துச்சு. ஆனா பாட்டுக்குப் பின்னால 'ம்ம்ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். டிரான்ஸ்பார்மருக்குக் கீழ நின்னா கேக்குமே, அதே இரைச்சல். எனக்கு அது பழகுன சத்தம். இது எர்த் இல்லாத குறைன்னு கேட்ட உடனே சொல்லிட்டேன். வீட்டுல வேற ஆள் இல்ல, எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அந்த மூணாவது வயரு எர்த் வயரு. அது எனக்கும் தெரியும். மருமகன் போன்ல, "மாமா, அந்த மெல்லிசு வயரை ஆம்ப்ளிபயர் முதுகுல ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதுல முறுக்கி விட்டுருங்க, இரைச்சல் போயிரும்"னாரு. நான் கேக்கேன், எர்த்துன்னா என்ன? பூமி! ஒரு ஸ்க்ரூ எப்படி பூமியாகும்? கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குள்ள எறங்கணும், அதுக்குத்தான் எர்த்து. வாரியத்துல இதைச் சொல்லிக் குடுத்து எத்தனை பேரைத் தேத்தியிருக்கேன். நான் அந்த வயரோட இன்னொரு வயரைச் சேத்து நீட்டி, சுவத்துல மூணு துவார பிளக் பாயிண்ட் இருக்குல்லா, அதுல மேல இருக்க பெரிய துவாரம், அதுதான் வீட்டு எர்த்து, அதுக்குள்ள சொருகி, தீக்குச்சி வச்சு இறுக்கிட்டேன். முறைப்படி செஞ்ச வேலை.

இரைச்சல் போகல. கொஞ்சம் கூடிட்டு. சவம், மெஷின் கோளாறுன்னு விட்டுட்டேன். பாட்டுக்கு மேல இரைச்சல் வரலல்லா, கேக்கதுக்கு என்ன?

ரோஸ்லெட் ரெக்கார்டை மட்டும் நான் ஓட்டிப் பாக்கல. ஊசி பட்டாத் தேயும்னு பத்திரமா வச்சிருந்தேன். எல்லாரும் வரட்டும், அன்னைக்குச் சேந்து கேப்போம்னு.

இன்னொண்ணு சொல்லிருதேன், மறைக்கப்பிடாது. வேலைக்கு வார அம்மா ஒரு மாசமாச் சொல்லிட்டே இருந்துச்சு, "ஐயா, தண்ணி மோட்டார் ஓடும்போது பிரிட்ஜைத் தொட்டா சுரீர்ங்குது"ன்னு. ஈரக்கையோட தொடாத, செருப்புப் போட்டுக்கோன்னேன். நான் வீட்டுக்குள்ளயும் ரப்பர் செருப்புத்தான். சர்வீஸ்ல வந்த பழக்கம். எனக்கு ஒரு நாளும் சுரீர்ங்கல.

அந்த நாள் வந்துச்சு. மே மாசம், வெயில் மண்டையப் பொளக்குது. ஹாலைக் கழுவி விட்டு ஜமுக்காளம் விரிச்சிருக்கு. நாப்பது பேரு. செருப்பெல்லாம் வாசல்ல. பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணி, வசனம் வாசிச்சு முடிச்சாரு. நான் எந்திரிச்சு, இப்ப ரோஸ்லெட் பாடுவான்னு சொன்னேன்.  எப்சி மெஷின்கிட்டப் போனா. அவதான் போடணும்னு ஆசைப்பட்டா. ஊசியை எடுத்து மூணாவது பாட்டுல வச்சா. மொதல்ல ஆர்மோனியம் வந்துச்சு. இரைச்சல் இருக்கு, இருந்தாலும் கேக்கு. 

அப்ப மணி அஞ்சு.

பெருமாள்புரத்துல அஞ்சு மணிக்கு நல்ல தண்ணி விடுவான். அரை மணி நேரம். அந்த நேரம் மோட்டாரைப் போட்டு ஏத்தாட்டா மறுநாளுக்குத் தண்ணி கிடையாது. அதுவும் நாப்பது பேரு வந்திருக்க வீடு. நான் எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போனேன். ஏன் அப்படிப் பாக்கீங்க? தண்ணி போனாப் போனதுதான் தம்பி. பாட்டு எங்க போகுது, ரெக்கார்டுல இருக்கு, திருப்பிப் போட்டாப் போச்சு. அப்படித்தான் நெனைச்சேன். நான் மோட்டார் சுவிட்சை அமுக்கவும், ஹால்ல அந்த இரைச்சல் புலி உறுமுத மாதிரி எகிறுச்சு. பாக்ஸு கிழிஞ்சிரும் போல. அடுத்தாப்ல எப்சி போட்ட அலறல். அது பின்னாலயே 'கர்ர்ரக்'னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

ஓடி வந்து பாத்தா, அவ கையை உதறிட்டுத் தரையில உக்காந்திருக்கா. மருமகன் தோளைப் பிடிச்சிருக்காரு. இரைச்சல் எகிறவும் பாக்ஸு போயிருமேன்னு, ஊசியைத் தூக்கப் போயிருக்கா. வெறுங்காலு, கழுவுன தரை. அந்த ஊசி இருக்க இரும்புக் கையைத் தொட்டதும் கரண்ட் தூக்கிப் போட்டிருக்கு. கை உதறுன உதறுல ஊசி ரெக்கார்டுக்குக் குறுக்கால இழுத்துட்டுப் போயிட்டு. நான் என்ன நடந்துச்சுன்னே தெரியாம வந்து நின்னு, பாட்டு முடிஞ்சிட்டான்னு கேட்டேன்.

சாத்தூர்ல வண்டி நிக்கும். வெள்ளரிக்காய் விக்க வருவாங்க, வாங்குங்க, நல்லாருக்கும். எனக்கு வேண்டாம்.

கோவம் வந்துட்டு தம்பி. பயமும்தான். பெத்த பிள்ளை தரையில கெடக்கா. எம் மகளுக்குக் கரண்ட் அடிச்சிருக்கு, அதுவும் என் வீட்டுல. நாப்பது பேரு முன்னால மருமகனைப் பாத்துக் கத்திட்டேன். "எவன் தலைலயோ கட்டுன ஓட்டை மெஷினைக் கொண்டாந்து வச்சு எம் மகளைக் கொல்லப் பாத்தீரே"ன்னுட்டேன். அவரு குனிஞ்சு அந்த வயரு போற வழியப் பாத்தாரு. சுவரு வரைக்கும் போகுது. தீக்குச்சியைப் பாத்தாரு. மெதுவா, "மாமா, இதை ஆம்ப்ளிபயர் பின்னாடி..."ன்னு ஆரம்பிச்சாரு. "தமிழ் நடத்துதவரு எனக்கு எர்த்து நடத்த வேண்டாம்"னேன். பாஸ்டர் ஐயாவே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

எப்சி எந்திரிச்சா. அழல. ரெக்கார்டைக் கையில எடுத்து வெளிச்சத்துல பாத்தா. குறுக்கால வெள்ளையா ஒரு கோடு. என்னையப் பாத்து ஒரு கேள்வி கேட்டா. "அப்பா, அம்மா போனதுல இருந்து சனிக்கிழமை யாரு தண்ணி ஊத்துதா?"ன்னா. ஷாக் அடிச்சதுல பிள்ளை என்னமோ உளறுதுன்னு நெனைச்சேன். உக்காரும்மா, மோரு குடின்னேன். "அம்மா இருக்கும்போதும் நீங்க கேக்கல. இப்பவும் கேக்கல"ன்னா. ரெக்கார்டை என் கையில குடுத்தா. "உங்க வீட்டுலதான கேக்கணும்னீங்க. நீங்களே கேளுங்க"ன்னுட்டு, ரெண்டு பேரும் காப்பி கூடக் குடிக்காமக் கெளம்பிட்டாங்க.

இதுவரைக்கும் சொன்னதுல என் தப்பு எங்க இருக்கு? சொல்லுங்க. சொல்ல மாட்டேங்கீங்க. சரி, மிச்சத்தையும் கேளுங்க.

ஒரு மாசம் வீம்பா இருந்தேன். மெஷின்லதான் கோளாறுன்னு ஊருக்கே சொல்லிட்டு அலைஞ்சேன். பெறகு, இதுக்கு ஒரு சாட்சி வேணும்னு இசக்கிப்பாண்டியக் கூப்பிட்டேன். எங்கிட்ட வயர்மேனா இருந்தவன், அவனும் ரிட்டையர்டு ஆயிட்டான். எங்க வீடு கட்டும்போது வயரிங் பூராவும் அவன்தான். "ஏல, இந்த மெஷின்ல கரண்ட் கசியுதுன்னு சோதிச்சு ஒரு தாள்ல எழுதிக் குடு, நான் மதுரைக்கு அனுப்பணும்"னேன். அவன் மெஷினைச் சோதிச்சான். பெறகு எந்திரிச்சுப் போயி, ஒரு பல்பை எடுத்து, சுவத்துல கரண்ட் துவாரத்துக்கும் எர்த் துவாரத்துக்கும் நடுவுல மாட்டுனான். எர்த் நல்லாருந்தா பல்பு பளிச்சுன்னு எரியணும். எரியல. மினுக்கு கூட இல்ல.

"சார், மெஷின் சுத்தமா இருக்கு. உங்க வீட்டு எர்த்து செத்துக் கெடக்கு"ன்னான்.

என் வீட்டு எர்த்து! அவனை அடிக்கக் கையை ஓங்கிட்டேன். அவன் பின்கட்டுக்குப் போனான். காம்பவுண்டு மூலைல எர்த் குழி. வீடு கட்டும்போது ஆள் ஆழத்துக்குத் தோண்டி, பைப்பை எறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடுனது. அந்தக் குழியில ஈரம் இருக்கணும். ஈரம் இருந்தாத்தான் கரண்ட் மண்ணுக்குள்ள எறங்கும். காஞ்சு போனா, மோட்டார்ல கசியுத கரண்ட்டுக்குப் போக வழி இல்லாம, வீட்டுல எர்த் வயரு எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் வந்து நிக்கும். பிரிட்ஜுல வந்து நிக்கும். நான் தீக்குச்சி வச்சு இறுக்குன வயரு வழியா அந்த மெஷினோட கையில வந்து நிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான்தான முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக் குடுத்தேன்!

அவ போன பெறகு குழி மேல நான் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியத் தூக்கி வச்சிருந்தேன், பாக்க லட்சணமா இருக்கட்டும்னு. அதை நகட்டிட்டுப் பாத்தா, மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. இசக்கி, "இதுக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு சார்"னான். யாரு ஊத்துனான்னேன். அவன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான்.

"அம்மாதான சார் ஊத்துவாங்க. குழி மூடுன அன்னைக்கு நான் கூட நின்னேன்லா. நீங்கதான் அம்மாவைக் கூப்பிட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு வாளி ஊத்தணும், மறந்தா ஒரு நாள் வீட்டுல ஆள் போயிரும்னு சொன்னீங்க. அம்மா பயந்துட்டாங்க. நான் அதுக்கப்புறம் எப்ப வந்தாலும், இசக்கி, ஈரம் போதுமா பாருன்னு கேப்பாங்க"ன்னான்.

தம்பி, எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்ல. ஆனா வேற ஒண்ணு ஞாபகம் வந்துட்டு.

அவ சனிக்கிழமை வாளியத் தூக்கிட்டு அந்த மூலைக்குப் போறதை நான் பாத்திருக்கேன். எப்சி சின்னப் பிள்ளைல சொம்பைத் தூக்கிட்டுப் பின்னாலயே போகும். நான் என்ன நெனைச்சேன், அங்கன ஒரு கறிவேப்பிலை நின்னுச்சு, அதுக்கு ஊத்துதான்னு நெனைச்சேன். அந்தக் கறிவேப்பிலை பட்டுப்போயி பத்து வருஷம் ஆச்சு. அதுக்குப் பெறகும் ஊத்துனா. தண்ணிக் கஷ்டம் வந்தப்ப நான் ஏசுவேன், "வெறுந்தரைல கொண்டு போயி ஊத்துதியே, மூளை இருக்கா"ன்னு. திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அரை வாளியத் தூக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சுப் போறா. நான் வாளியப் பிடுங்கி குரோட்டன்ஸ் தொட்டில கவுத்துட்டேன். அப்ப மட்டும், "அங்கதான ஊத்தணும்"னா. ஏன்னு நான் கேக்கல. போய்ப் படுன்னேன். போய்ப் படுத்தா.

வீடு கட்டுன நாள்ல இருந்து முப்பத்துமூணு வருஷம் தம்பி. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு. நான் மறந்துட்டேன், அவ மறக்கல. என் வீட்டுல யாருக்கும் கரண்ட் அடிக்கலன்னு நான் மாரு தட்டிக்கிட்டுத் திரிஞ்சது, அவ ஊத்துன தண்ணில.

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி விழுந்துட்டு. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. விருதுநகர் வெயிலு.

இசக்கி போனதும், அந்த வயரைச் சுவத்துல இருந்து பிடுங்குனேன். ஸ்க்ரூ எங்க இருக்குன்னு பாக்க மருமகன் எழுதுன தாளைத் தேடி எடுத்தேன். தம்ளர் வட்டம் வட்டமா கறை. படம் சுத்தமா போட்டிருந்தாரு, சின்னப் பிள்ளைக்கும் புரியும். அடில ரெண்டு வரி எழுதியிருக்கு. 'மாமா, அத்தை பாடி நீங்க கேட்டதில்லை என்று எப்சி சொன்னாள். எல்லாரும் வருவதற்கு முன்னால் நீங்கள் மட்டும் தனியாக ஒரு முறை கேட்டுவிடுங்கள்.' அந்தத் தாளு மேலதான் நான் ஒரு மாசம் காப்பி குடிச்சிருக்கேன்.

ஸ்க்ரூல வயரை முறுக்குனேன். இரைச்சல் நின்னுட்டு. முழுசா நின்னுட்டு. கதவைச் சாத்திட்டு இந்த ரெக்கார்டைப் போட்டேன். ஆர்மோனியம் வந்துச்சு. பெறகு அவ.

என்னத்தச் சொல்ல. அது எனக்குத் தெரிஞ்ச ரோஸ்லெட் இல்ல. அவ்வளவு சத்தமா, அவ்வளவு தைரியமா அவ பேசிக்கூட நான் கேட்டதில்ல. ரெண்டு வரிதான். அதுக்கு மேல அந்தக் கோடு வந்துருது, ஊசி வழுக்கிட்டுக் கடைசிக்குப் போயிருது. எத்தனை தடவை போட்டாலும் ரெண்டே வரி. எப்சி கேட்டப்பவே குடுத்திருந்தா முழுப் பாட்டும் பத்திரமா இருந்திருக்கும். மருமகன்கிட்ட இதைச் சரி பண்ண எதாவது வழி இருக்கும்னு யாரோ சொன்னாங்க. இருக்கோ இல்லையோ, ரெக்கார்டு அவருகிட்டதான் இருக்கணும். எனக்கு இதை வச்சுக்கிட யோக்கியதை இல்ல.

ஆனா எப்சிகிட்ட என்ன சொல்ல? நானும் ஒரு மாசமா சொல்லிச் சொல்லிப் பாக்கேன். வீட்டு எர்த்துல ஒரு சின்னப் பிரச்சினை இருந்திருக்கும்மான்னு சொல்லலாம். அது பொய்யில்ல. இசக்கி பல்பு வச்சுப் பாத்தான்னு சொல்லலாம். தப்பு என் மேலதான்னு மட்டும் சொல்ல வாய் வரமாட்டேங்கு. சொல்லிப் பழக்கம் இல்ல தம்பி. யாருகிட்டயும் சொன்னதில்ல. ரோஸ்லெட்கிட்டயும் சொன்னதில்ல.

இந்தா திருமங்கலம் தாண்டிட்டு. தம்பி, ஒரு உதவி செய்வீங்களா? உங்க போன்ல இருந்து ஒரு கால் போட்டுக் குடுக்கணும். என் நம்பருன்னா எடுக்க மாட்டா. நம்பரு இந்தச் சீட்டுல இருக்கு. போயி வாசல்ல நின்னு அவ கதவைத் தொறக்காட்டா, என்னால தாங்க முடியாது. அதுக்கு இப்பவே தெரிஞ்சிரட்டும்.

ரிங் போகுதா? குடுங்க, குடுங்க.

எப்சி. அப்பா பேசுதேன். வச்சிராதம்மா. வச்சிராத. பஸ்ல வாறேன், திருமங்கலம் தாண்டியாச்சு. ரெக்கார்டு கொண்டு வாறேன். இல்லம்மா, நான் எதுவும் பேச வரல. இன்னைக்குச் சனிக்கிழமைல்லா. ரெண்டு வாளி ஊத்திட்டுத்தாம்மா பஸ் ஏறுனேன். ஏழு மணி வண்டிய அதுலதான் விட்டுட்டேன். அந்த மூலைலதான் ஊத்துனேன். அம்மா ஊத்துத எடத்துல. ஈரம் எறங்குத வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். தப்பு அப்பா மேலதாம்மா.

இந்தாங்க தம்பி, போன். ஒரு சத்தமும் இல்ல. கட் பண்ணிட்டா போலருக்கு. பாருங்க, கட் ஆயிருக்கும்.

ஆகலையா? நிமிஷம் ஓடிட்டு இருக்கா? லைன்லதான் இருக்காளா? காதுல வச்சுப் பாருங்க. அழுத சத்தம் கேக்குதா?

இல்ல, என்கிட்டக் குடுக்காதீங்க, நான் தெரியாம எதையாவது அமுக்கிருவேன். மடியில இது வேற இருக்கு. நீங்களே பிடிச்சுக்கிடுங்க தம்பி. அவளா வைக்கட்டும். அவ வைக்கது வரைக்கும் நீங்க கட் பண்ணிராதீங்க.